பணம் இருக்கு, ஆனா செல்லாது!

கடல் தாண்டிப் போற நம்ம மக்களுக்கு முதல் பயம் பாஸ்போர்ட் தொலையறது. ரெண்டாவது பயம், சாப்பிட்டு முடிச்சு பில் வந்த பிறகு கார்டு 'டிக்ளைன்' ஆகுறது. கணக்குல காசு இருக்கும். சம்பளம் நேத்துதான் விழுந்திருக்கும். ஆனாலும் எதிர்ல நிக்கிறவர் நம்மளை ஒரு தினுசாப் பார்ப்பார். கம்ப்யூட்டர் வந்ததால வந்த வினைன்னு நினைக்கிறீங்களா? இல்லீங்க, இந்தத் தலைவலிக்கு வயசு ரொம்ப அதிகம். கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

தங்கக் காசை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனா வழியில திருடன் இருப்பான். அதனால ஐரோப்பாவுல வசதியானவங்க கையில பணத்துக்குப் பதிலா ஒரு கடிதம் கொண்டு போனாங்க. 'இவர் நம்ம வாடிக்கையாளர், இத்தனை பவுன் வரைக்கும் கொடுங்க, நாங்க பொறுப்பு' என்று ஊர் வங்கி எழுதிக் கொடுக்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட். நம்ம ஊர் ஹுண்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கலாம். 1772ல லண்டன்ல ராபர்ட் ஹெரிஸ் என்பவர், ஐரோப்பாவின் பல நகரங்கள்ல மாத்திக்கிற மாதிரி அச்சடிச்ச தாள்களையே விற்க ஆரம்பிச்சார்.

சிக்கல் எங்கேன்னா, அந்தக் கடிதத்தை எழுதின வங்கியை யாருக்குத் தெரியுமோ அவங்கதான் காசு கொடுப்பாங்க. பெரிய நகரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போனா அது வெறும் காகிதம். 1890 வாக்குல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பா போய் இதே கஷ்டத்தைப் பட்டார். அவ்வளவு பெரிய கம்பெனியின் தலைவருக்கே இந்த கதி! திரும்பி வந்ததும் ஏதாவது வழி கண்டுபிடிக்கச் சொன்னார். அவரிடம் வேலை பார்த்த மார்செல்லஸ் பெர்ரி 1891ல கொண்டு வந்ததுதான் டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாத்தும்போது இன்னொரு கையெழுத்து. ரெண்டும் ஒத்துப் போனா காசு. எளிமையான யோசனை, நூறு வருஷம் ஓடுச்சு.

ஆனா இந்தக் கதையின் உச்சக்கட்டம் 1914. கோடை விடுமுறைக்கு ஐரோப்பா வந்திருந்த அமெரிக்கர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல. ஜூலை 31 அன்று லண்டன், நியூயார்க் ரெண்டு ஊர் பங்குச் சந்தையும் மூடியாச்சு. ஆகஸ்ட் முதல் வாரத்துல உலகப்போர் வெடிச்சது. லண்டன்ல 3ஆம் தேதி வழக்கமான வங்கி விடுமுறை. அதை அப்படியே இழுத்து, 7ஆம் தேதிதான் வங்கிகளைத் திறந்தாங்க. நடுவுல சிக்கினவங்க கதி என்ன? பையில ஆயிரக்கணக்கான டாலருக்குக் கடிதம் இருக்கு, ராத்திரி சாப்பாட்டுக்குக் காசில்லை. ஓட்டல்காரர் வாங்க மாட்டேங்கிறார், கப்பல் கம்பெனி வாங்க மாட்டேங்குது. சுருக்கமாச் சொன்னா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல 'டிக்ளைன்'!

கவனிங்க, யாரோட பணமும் காணாமப் போகலை. நியூயார்க் வங்கியில பத்திரமா இருந்தது. நடுவுல இருந்த பாலம்தான் இடிஞ்சு போச்சு.

அமெரிக்க அரசு டென்னஸீ என்ற போர்க்கப்பல்ல தங்கம் ஏத்தி ஆகஸ்ட் 6 அன்று அனுப்பிச்சது. ஆனா கப்பல் வர வரைக்கும் வயிறு காத்திருக்குமா? அப்போ லண்டன்ல இருந்த ஒரு சுரங்க என்ஜினியர் நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு, முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் வெறும் கையெழுத்தை வாங்கிட்டுக் கடன் கொடுத்தார். பேர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாடி 1929ல அமெரிக்க ஜனாதிபதியானவர். கொடுத்த கடன் கிட்டத்தட்ட முழுசாத் திரும்பி வந்துடுச்சு. அதாவது அந்தக் கூட்டத்துல ஏமாத்துக்காரங்க ரொம்பக் கம்மி. 'செல்லாது'ன்னு சொல்லப்பட்ட பணம் அத்தனையும் நல்ல பணம்!

கார்டு காலத்துக்கு வருவோம். 1950ல டைனர்ஸ் கிளப், 1958ல பேங்க் அமெரிகார்ட். ஆரம்பத்துல கடைக்காரர் ஒரு அச்சடிச்ச புத்தகத்தைப் புரட்டி, வாங்கக் கூடாத கார்டு நம்பர்கள்ல இது இருக்கான்னு பார்ப்பார். தொகை பெருசா இருந்தா போன் போடணும். கார்டு கொடுத்த வங்கி வேற ஊர்ல ராத்திரி மூடியிருந்தா அதோகதிதான். 1973ல டீ ஹாக் தலைமையில அந்தக் கார்டு அமைப்பு (பிற்காலத்துல விசா) கம்ப்யூட்டர் மூலமா அனுமதி கேட்கும் முறையைக் கொண்டு வந்த பிறகுதான் வேகம் வந்தது.

இன்னிக்கும் அதே கேள்விதான், வினாடிகள்ல கேட்கறாங்க: 'இவருக்கு நீ பொறுப்பா?' பதில் ரெண்டு இலக்க எண்ணா வரும். 51ன்னா கணக்குல பணம் போதலை. 57ன்னா இந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனை அனுமதி இல்லை. 91ன்னா வங்கியைப் பிடிக்க முடியலை. 05ன்னா பொத்தாம்பொதுவா 'கொடுக்காதே', காரணம் கிடையாது. கடைக்காரருக்குப் பெரும்பாலும் எல்லாமே ஒரே 'டிக்ளைன்'தான். அதனால அவர் பார்வை ஒண்ணு, உண்மை வேறொண்ணா இருக்க நிறைய வாய்ப்பு.

1914 மறுபடி வராதுன்னு சொல்ல முடியுமா? 2022 மார்ச்ல உக்ரைன் போரை அடுத்து விசா, மாஸ்டர்கார்டு ரெண்டும் ரஷ்யாவுல சேவையை நிறுத்தின. ரஷ்ய வங்கிகளின் கார்டுகள் உள்ளூர்ல வேலை செஞ்சது, வெளிநாட்டுல செத்துப் போச்சு. தாய்லாந்துக் கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்திருந்த சாதாரண ஜனங்க ஓட்டல் பில் கட்ட முடியாம முழிச்சாங்க. பணம் மாஸ்கோவுல பத்திரம். பாலம்தான் மறுபடி இல்லை.

எனக்குப் படறது இதுதான்: கார்டுன்றது பணம் இல்லை, தூரத்துல இருக்குற ஒருத்தர் நமக்காகச் சொல்ற வாக்கு. அந்த வாக்கு வந்து சேர வேண்டிய வழி எங்கே அடைபட்டாலும் நம்ம நேர்மைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால கூச்சப்பட்டுத் தலைகுனிய வேண்டாம். அடுத்த தடவை கவுண்டர்ல யாராவது அப்படி நின்னா, அவரை அந்தப் பார்வை பார்க்கவும் வேண்டாம்.

கொசுறு: இந்தியக் கார்டு வச்சிருக்கவங்களுக்கு. 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே கேட்டுத் திறக்கணும். விமானம் ஏறுறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க. வேற வேற வங்கியில, வேற வேற நெட்வொர்க்ல ரெண்டு கார்டு வச்சுக்கோங்க. ரெண்டையும் ஒரே பர்ஸ்ல வைக்காதீங்க. வங்கியின் போன் நம்பரைத் தனியா எழுதி வச்சுக்கோங்க. ஒரு நாள் சாப்பாட்டுக்கும் டாக்ஸிக்கும் ஆகுற ரொக்கம் கையில இருக்கட்டும். ஹூவர் எல்லா ஊர்லயும் இருக்க மாட்டார் :-)