தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் திரைப்படங்கள்: ஆயுத, உடை வடிவமைப்பும் ரசிகர் எதிர்வினையும்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954–55இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 டிசம்பர் மாதங்களில் அடுத்தடுத்து மூன்று படங்களாகத் தந்தார். அப்படங்களின் வாள், கவசம், உடை குறித்து நாவலின் வாசகர்கள் நடத்திய வாதம் இருபது ஆண்டு கடந்தும் ஓயவில்லை. மிகுபுனைவுப் படங்களைச் சுற்றி எழுந்த ரசிகர் விவாதங்களில் இவ்வளவு நுணுக்கமானவை குறைவு. அதில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது: ஓர் ஆயுதத்தின் உருவத்தைப் படம் மாற்றியபோது வாசகர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார்கள், அதன் கதையை மாற்றியபோதுதான் கொதித்தார்கள்.

நூல் சொல்வதும் சொல்லாததும்

டோல்கீனின் வாள்களுக்குப் பெயர் உண்டு, கைமாறிய வரலாறு உண்டு, சிலவற்றுக்கு அடித்த கொல்லனின் பெயர்கூட உண்டு. நீளம் எவ்வளவு, பிடி எப்படி என்று கேட்டால் நூலில் பதில் அரிது. அரியணைக்கு வாரிசான அரகோர்னின் நார்சில் வாளை அடித்தவன் டெல்கார் என்ற குள்ளர் இனக் கொல்லன். அரகோர்னின் முன்னோன் எலென்டில் போரில் விழுந்தபோது அவன் உடலுக்கடியில் அது முறிந்தது. பல தலைமுறைக்குப் பின் மீண்டும் அடிக்கப்பட்டு அன்டூரில் என்று பெயர் பெற்றது. புதிய அலகில் பிறைநிலவுக்கும் கதிர்விடும் சூரியனுக்கும் நடுவே ஏழு விண்மீன்கள் பொறிக்கப்பட்டன. டோல்கீன் கணக்கில் இது தாராளமான வருணனை. எல்ஃப் இனத்து லெகோலஸுக்கு வில்லும் ஒரு நீண்ட வெண்ணிறக் கத்தியும், குள்ளர் இனத்துக் கிம்லிக்கு ஒரு கோடரி, அவ்வளவுதான்.

கவசத்தைப் பொறுத்தவரை நூலெங்கும் வருவது பெரும்பாலும் சங்கிலிக் கவசம். உடலை முழுக்க மூடும் தகட்டுக் கவசம் அந்த உலகத்துக்கு அந்நியம். 1958இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் இதை ஓரளவு விளக்கியிருக்கிறார். நாவலின் ரோஹன் நாட்டுக் குதிரை வீரர்களை பாயோ திரைச்சீலையில் உள்ள வீரர்களைப் போல நினைத்துக்கொள்ளலாம் என்றார். 1066ஆம் ஆண்டு இங்கிலாந்துப் படையெடுப்பைக் காட்டும் நீண்ட பூவேலைத் துணி அது. கோண்டோர் நாட்டு மக்களுக்கு அவர் காட்டிய உவமை எகிப்து. அவர்களின் மணிமுடி எகிப்திய மன்னர்களுடையதைப் போல மிக உயரமானது, பக்கங்களில் இறக்கைகள் கொண்டது. படங்களில் அரகோர்ன் சூடும் மெல்லிய முடியை இந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாசகருக்கு முகம் சுளிக்கத் தோன்றுவது இயல்பு.

முதல் புகார்க்காரர்

ஆயுதம் பற்றிய முதல் புகாரை எழுதியவர் டோல்கீனே. மார்ட்டன் கிரேடி சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1950களின் பிற்பகுதியில் இந்நாவலுக்கு ஒரு திரைக்கதைச் சுருக்கம் எழுதி அனுப்பினார். 1958இல் அதை வரிவரியாகப் பிடித்து உலுக்கிய டோல்கீன், அரகோர்ன் வாளை உருவிப் பாய்வதாக எழுதப்பட்ட இடத்தில் நிறுத்தினார். அவன் உருவ முடியாது, ஏனென்றால் அவன் வாள் முறிந்த வாள் என்பது அவர் வாதம். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் 43 ஆண்டுகளுக்குப் பின் ஜாக்சன் படத்தில் அரகோர்ன் முழு வாளை உருவியபோது வாசகர்கள் எழுப்பிய ஆட்சேபமும் இதேதான்.

இடையில் 1978இல் ரால்ஃப் பக்ஷியின் இயங்குபடம் வந்தது. நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் வரையும் முறையில் பெரும்பகுதி உருவான அந்தப் படத்தில் கோண்டோர் வீரன் போரோமிர் கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம் அணிந்து வருகிறான். அரகோர்ன் குட்டை அங்கி போட்டு வெறுங்காலைக் காட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் அலைகிறான். ரசிகர்களுக்கு இவை இரண்டும் இன்றுவரை அலுக்காத கேலிப்பொருள்கள். உண்மையான வைக்கிங்குகள் கொம்புக் கவசம் அணிந்து போரிட்டதற்குச் சான்று இல்லை என்பதால், போரோமிரின் தலையில் பிழை இரட்டிப்பாகிறது.

வெலிங்டன் பட்டறை

ஜாக்சன் படங்களுக்கான ஆயுதங்களையும் கவசங்களையும் வெலிங்டன் நகரின் மிராமார் பகுதியில் உள்ள வெட்டா பட்டறை செய்தது. பொறுப்பு ரிச்சர்ட் டெய்லரிடம். உடை வடிவமைப்பு நைலா டிக்சன். கருத்தோவியம் வரைய அழைக்கப்பட்ட ஆலன் லீயும் ஜான் ஹோவும் பல ஆண்டுகளாக டோல்கீன் நூல்களுக்கு ஓவியம் வரைந்தவர்கள். ஹோவ் இடைக்காலப் போர்வீரர் வாழ்வை நடித்துக் காட்டும் குழுவில் இருந்தவர். கவசத்தை உடம்பில் மாட்டிப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. வாசகர்களின் மனத்தில் மத்திய நிலம் என்ற டோல்கீனின் கற்பனை உலகம் எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே பாதி தீர்மானித்திருந்தவர்கள் இந்த இருவர். படம் வெளிவந்தபோது பெரும்பாலானோர் அதைத் தமக்குத் தெரிந்த ஊராக உணர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பட்டறையின் உழைப்பு அளவில் மலைக்க வைத்தது. ஆயுதம், கவசம், ஒப்பனை உறுப்பு என்று சுமார் 48 ஆயிரம் பொருட்கள் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வாள்களில் மூன்று தரம் இருந்தது. அருகிலிருந்து படம்பிடிக்க எஃகு வாள். அதை அடித்தவர் பீட்டர் லயன். சண்டைக் காட்சிக்கு அலுமினிய வாள். குதிரையேற்றத்துக்கும் விழுந்து புரளுவதற்கும் ரப்பர் போன்ற வார்ப்பு. அரகோர்னாக நடித்த விகோ மார்ட்டென்சன் சண்டையிலும் எஃகு வாளையே விரும்பினார். சங்கிலிக் கவசத்துக்குத் தண்ணீர்க் குழாய் போன்ற பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஒன்றோடொன்று கையால் கோத்து, உலோகப் பூச்சு கொடுத்தார்கள். வளையங்கள் சுமார் 1.25 கோடி. ரோஹன் மன்னன் தியோடனின் மார்புக் கவசத்துக்கு உட்புறத்திலும் சித்திர வேலைப்பாடு இருந்தது. எந்தக் கேமராவும் பார்க்காத இடம். அணிந்தவருக்கு மட்டும் தெரியும்.

இந்தச் செய்திகள் 2002 நவம்பரில் வெளிவந்த நீட்டித்த டிவிடி பதிப்பின் துணைப் படங்கள் வழியாக ரசிகர்களை எட்டின. அதன்பின் விவாதத்தின் குரலே மாறியது. முகமறியாத ஸ்டுடியோவைத் திட்டுவது எளிது. விரல் தேய வளையம் கோத்தவரைத் திட்ட மனம் வருவதில்லை.

முறிந்த வாள்

நாவலில் அரகோர்ன் முறிந்த வாளை உறையில் சுமந்தே திரிகிறான். பிரீ ஊரின் சத்திரத்தில் ஹாபிட்டுகள் என்னும் குறுமனிதர்களுக்கு அதை உருவிக் காட்டுகிறான். பிடிக்கு ஓர் அடி கீழே அலகு இல்லை. பரம்பரை உரிமைக்கு அதுவே பத்திரம், அதுவே சாட்சி. வெதர்டாப் குன்றில் கரிய குதிரைவீரர்களை அவன் விரட்டுவது எரியும் கட்டைகளால். பயணக்குழு எல்ஃபுகளின் இருப்பிடமான ரிவென்டெல்லை விட்டுக் கிளம்புமுன் வாள் மீண்டும் அடிக்கப்பட்டுவிடுகிறது.

படத்தில் இந்தக் கோவை முழுவதும் கலைந்தது. முறிந்த துண்டுகள் ரிவென்டெல்லில் காட்சிப்பொருளாக இருக்கின்றன. போரோமிர் எடுத்துப் பார்த்து விரலைக் கீறிக்கொள்கிறான். அரகோர்ன் பெயரில்லாத ஒரு வனக்காவலர் வாளோடு இரண்டு படங்களைக் கடத்துகிறான். அன்டூரில் மூன்றாம் படத்தில்தான் வருகிறது. ரிவென்டெல்லின் தலைவர் எல்ரோன்ட் குதிரையேறி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். முறிந்த விதமும் வேறு: படத்தில் இருள் வேந்தன் சாவ்ரோன் காலால் மிதித்து உடைக்கிறான்.

இதற்கு எழுந்த கண்டனம் ஆயுத ஆர்வலர்களிடமிருந்து வந்ததைவிடக் கதை தெரிந்தவர்களிடமிருந்தே அதிகம் வந்தது. படத்தின் அரகோர்ன் அரியணையை ஏற்கத் தயங்குபவன், நூலின் அரகோர்னுக்கு அந்தத் தயக்கம் இல்லை, வாளைத் தள்ளிப்போட்டது அந்த மாற்றத்தின் விளைவு என்று படத்தின் ஆதரவாளர்கள் விளக்கினார்கள். விளக்கம் சரிதான். ஆனால் எதிர்ப்பவர்கள் குறைசொல்வதும் சரியாக அந்த மாற்றத்தைத்தானே. அதே சமயம், நீண்ட பிடியும் எளிய குறுக்குக் காப்பும் கொண்ட அன்டூரிலின் உருவத்தைப் பற்றிய புகார் மிகக் குறைவு. இன்று அந்த வாளை யாராவது வரைந்தால் லயன் அடித்த வாளைத்தான் வரைகிறார்கள்.

அர்வெனின் வளைவாள்

ஹாபிட் நாயகன் ஃபுரோடோவை ஆற்றுத்துறைவரை காப்பாற்றிக் கொண்டுபோவதில் நாவலில் பங்கு கொள்பவன் எல்ஃப் பிரபு குளோர்ஃபின்டெல். படத்தில் அந்த வேலை எல்ரோன்டின் மகள் அர்வெனுக்குக் கிடைத்தது. கூடவே ஹாதாஃபாங் என்ற வளைந்த வாளும். நூலில் அப்படி ஒரு வாளே இல்லை. அதற்கு எல்ஃப் மொழியில் பெயரும், அலகில் எழுத்தும், பழைய வம்சாவளியும் பட அணியே உருவாக்கியது. முன்கதைப் போரில் அதே வாளை எல்ரோன்ட் ஏந்துவதைக் கூர்ந்து பார்ப்பவர் காணலாம்.

இரண்டாம் படத்தின் ஹெல்ம்ஸ் டீப் போரிலும் அர்வென் வாள் சுழற்றுவதாகப் படப்பிடிப்பு நடந்த செய்தி கசிந்ததும் வாசகர்கள் அவளுக்கு ‘ஜீனார்வென்’ என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். போர்மங்கை ஜீனாவின் தொலைக்காட்சித் தொடரை மனத்தில் வைத்த கிண்டல் அது. அந்தத் தொடரும் நியூசிலாந்தில் எடுக்கப்பட்டதுதான்; அதற்கும் உடை வடிவமைத்தவர் இதே நைலா டிக்சன். கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்குமோ! 2002இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் அர்வென் அந்தப் போரில் இல்லை. தங்கள் எதிர்ப்பு வென்றது என்று ரசிகர்களில் ஒரு சாரார் பெருமை பேசினர். கதையோட்டத்துக்கு ஒட்டவில்லை என்பது படக்குழு தந்த காரணம்.

எல்ஃபுகளுக்கு வளைவாள் தந்ததையும் தனியாக ஒரு தரப்பு எதிர்த்தது. நூலில் வளைந்த வாள் எதிரிப் படையான ஓர்க்குகளின் அடையாளம். இங்கே வடிவமைப்பாளர்களுக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. துரோகியான மந்திரவாதி சாருமானின் உருக்-ஹாய் படையினர் மற்ற ஓர்க்குகளைப்போல வளைவாள் ஏந்தாமல், குட்டையான அகன்ற வாள் வைத்திருந்ததாக நூல் குறிப்பிடுகிறது. படத்திலும் அவர்கள் கையில் நேரான அகன்ற அலகுதான். நுனியில் குதிரைவீரனைக் கொக்கிபோட்டு இழுக்க ஒரு முள். நூலை யாரோ கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

சிறு பிழைகளின் பட்டியல் வேறு நீளும். லெகோலஸுக்குக் கத்தி இரண்டானது. கிம்லியின் கோடரிகள் பெருகின. ஓர்க்குகள் நெருங்கினால் ஃபுரோடோவின் ஸ்டிங் வாள் நீலமாக ஒளிர்கிறது, அதே எல்ஃபுகள் செய்த, மந்திரவாதி கேன்டால்ஃபின் கிளாம்ட்ரிங் வாள் படத்தில் ஒளிர்வதில்லை. நூலில் இரண்டும் ஒளிரும். கோண்டோர் வீரர்களின் தகட்டுக் கவசம் ஓர்க்கின் அடிக்குத் தாள்போலக் கிழிவதும் ஆயுதம் அறிந்தவர்களின் தீராத வருத்தம். இதற்கு மாறாக ரோஹன் உடைகளை ஏறக்குறைய எல்லோரும் கொண்டாடினார்கள்: வாள்பிடியில், தலைக்கவசத்தில், தியோடனின் மருமகள் எயோவினின் ஆடைக் கரையில் எங்கும் அந்த நாட்டின் சாயல். தியோடனின் வாள்பிடியில் இரண்டு குதிரைத் தலைகள் இருப்பதாக நூல் எங்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மூன்றாம் படம் 2004 பிப்ரவரியில் பெற்ற 11 ஆஸ்கர் விருதுகளில் டிக்சனும் டெய்லரும் பகிர்ந்துகொண்ட உடை வடிவமைப்பு விருதும் ஒன்று.

பின்னாளில்

2012–2014இல் வந்த ‘ஹாபிட்’ படங்களுக்கு இந்த நல்லெண்ணம் கிட்டவில்லை. குள்ளன் கீலிக்குத் தாடியே இல்லை, சில நாள் மழிக்காத முகம் மட்டும்; குள்ளர் தலைவன் தோரினின் தாடி கத்தரித்தது. நூலில் கிளாம்ட்ரிங்கும் தோரினின் ஓர்க்ரிஸ்டும் ஒரே நகரத்தில் அடிக்கப்பட்ட சோடி வாள்கள். படத்தில் ஒன்று நேர், மற்றொன்று வளைவு. வில்லாளி பார்ட் தன் முன்னோர் வழி வந்த கரிய அம்பை வில்லில் பூட்டி டிராகனை வீழ்த்துவது நூல். ஆளுயர இரும்புக் கணையை ஏவும் பொறியைத் தேடுவது படம். இங்கும் கதையே மாறியது, இங்கும் கோபம் அதற்கேற்ப இருந்தது. நொடிக்கு 48 சட்டகம் ஓடும் முறையில் பார்த்தவர்களுக்கோ உடை உடையாகவும் ஒட்டுத்தாடி ஒட்டுத்தாடியாகவும் தெரிந்ததாக இன்னொரு குறை. 2022இல் தொடங்கிய ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில் குள்ளர் இளவரசி டீசாவுக்குத் தாடி இல்லாததும் எல்ஃபுகளுக்கு முடி குட்டையாக வெட்டப்பட்டதும் விவாதமாயின.

2000களின் தொடக்கத்திலிருந்தே யுனைடெட் கட்லெரி நிறுவனம் உரிமம் பெற்றுப் படத்தின் வாள்களைப் பிரதி எடுத்து விற்றது. அன்டூரிலும் ஸ்டிங்கும் மட்டுமல்லாமல், டோல்கீன் எழுதாத வனக்காவலர் வாளும், அத்தனை வசைவாங்கிய ஹாதாஃபாங்கும் அதன் பட்டியலில் இருந்தன; இரண்டும் இன்று ரசிகர்களின் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.