இந்திய மாதர் சங்கம்

இந்திய மாதர் சங்கம் என்பது, பெண்களின் அரசியல் உரிமைக்காகவும் குழந்தை மணத்தைத் தடுப்பதற்காகவும் பாடுபட்ட, 1917 மே 8 அன்று சென்னை அடையாற்றில் தோன்றிய அமைப்பாகும். அங்குத் தலைமையிடம் கொண்டிருந்த பிரம்மஞான சபையின் தொண்டர்களாக அயல்நாடுகளிலிருந்து வந்த பெண்களே இதைத் தொடங்குவதில் முன்னின்றனர். அன்னி பெசன்ட் முதல் தலைவரானார். அயர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் கசின்சும், இலங்கையரான ஜினராஜதாசரை மணந்த ஆங்கிலேயப் பெண்மணி டோரதியும் அன்றாடப் பணிகளைச் சுமந்தனர். கசின்ஸ் தம் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிச் சிறை சென்றவர். 1915-இல் கணவருடன் இந்தியா வந்து மதனப்பள்ளிக் கல்லூரியில் பணியாற்றினார். சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவும் தையலும் முதலுதவியும் கற்பிக்கப்பட்டன. அதன் இதழான ‘ஸ்திரீ தர்மம்’ 1918 முதல் வெளிவந்தது.

சங்கத்தின் முதற்பெரும் செயல், 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்த இந்திய அமைச்சர் மாண்டேகுவையும் வைசிராய் செம்ஸ்போர்டையும் சரோஜினி நாயுடு தலைமையில் கண்ட பெண்கள் தூதுக்குழுவாகும். பெண்கல்வியைப் பற்றிப் பேசவே கசின்ஸ் முதலில் அனுமதி கேட்டிருந்தார். அரசியல் கோரிக்கை கொண்ட குழுக்களை மட்டுமே சந்திக்க இயலும் என்று பதில் வந்ததால், பெண்களுக்கும் ஆண்களுக்குரிய அதே வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையையும் மனுவில் சேர்த்தார். கல்வி, மகப்பேற்று மருத்துவ வசதி ஆகியவற்றைக் கேட்ட அம்மனு, இவ்வாறு இந்தியப் பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்குத் தொடக்க ஆவணமாயிற்று. வாக்குரிமை வரம்புகளை ஆராய்ந்த சவுத்பரோ குழு இவ்வாக்குரிமைக் கோரிக்கையை ஏற்க மறுத்ததால், 1919-இல் சரோஜினி நாயுடுவும் பெசன்டும், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டாவும் அவர் மகள் மிதானும் லண்டன் சென்று சாட்சியம் அளித்தனர். அவ்வாண்டின் இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. பெண் என்பதால் மட்டும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கும் ‘பால் தகுதியின்மை’யை 1921-இல் சென்னை நீக்கியது, பம்பாயும் அதே ஆண்டு தொடர்ந்தது. எனினும் சொத்து அடிப்படையிலான தகுதி நீடித்ததால், நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெரும்பாலான பெண்களுக்கு இவ்வெற்றி ஏட்டளவிலேயே நின்றது என்பதை மறைக்கலாகாது.

1926-இல் பெண்கள் சட்டமன்றத்துக்குப் போட்டியிடத் தடை நீங்கியதும், கசின்சின் தூண்டுதலால் கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியோ சங்கத்தின் பரிந்துரையால் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அயல்நாட்டுத் தொண்டர்கள் தொடங்கிவைத்த பணி உள்ளூர்ப் பெண்ணின் கையில் கூர்மை பெற்றது இங்குத்தான் எனலாம். சங்கம் ஆதரித்த சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்தது. ஆனால் காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்க இயலாது, புகார் தருபவர் 100 ரூபாய் வரை பிணை எழுதித் தரவேண்டியிருக்கும், மணம் நடந்து ஓராண்டுக்குள் புகார் வரவேண்டும் என்ற விதிகளால், சிறுமிகளைக் காக்கும் ஆற்றல் அச்சட்டத்துக்கு மிகக் குறைவாகவே இருந்தது.

கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி கொண்டுவந்த முயற்சி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இவ்வாறு பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிகள் பலரே தம் மரபுரிமையும் மானிய நிலங்களும் பறிபோகும் என அஞ்சி மனு அளித்தனர். அவர்களது குரலுக்கு அக்காலச் சீர்திருத்தவாதிகள் போதிய செவி சாய்க்கவில்லை என்ற பிற்கால ஆய்வாளர்களின் கருத்து புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட இத்தகைய சிறுமிகளுக்காக முத்துலட்சுமி தொடங்கிய அவ்வை இல்லம் அவர்களுக்குக் கல்வி வழங்கியது. பொட்டுக்கட்டுதலை முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் 1947-இல் வந்தது.

இதனிடையே, 1927 ஜனவரியில் புனாவில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டைத் தோற்றுவிப்பதிலும் கசின்ஸ் முதன்மைப் பங்காற்றினார். அரசின் அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக 1932-இல் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். நோயால் முடங்கிய இறுதி ஆண்டுகளையும் இந்தியாவிலேயே கழித்து, 1954-இல் காலமானார்.