லீடர்: குவில்டில் சேராத துணி

குவில்ட் மூன்று அடுக்கால் ஆனது. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். அமெரிக்காவில் இன்று இந்தத் தையலில் கணிசமான பங்கு, பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தின் மேல் தண்டவாளத்தில் ஓடும் லாங்ஆர்ம் எந்திரத்தில் நடக்கிறது. நம் வீட்டுத் தையல் எந்திரத்தில் துணி நகரும், ஊசி ஓரிடத்தில் நிற்கும். இதில் துணி விறைப்பாக நிற்கிறது, எந்திரத்தின் தலையே நகர்கிறது.

துணியை விறைப்பாக நிறுத்துவது சட்டத்தின் உருளைகள். அந்த உருளைகளில் குவில்டை நேரடியாகச் சுற்ற முடியாது. ஒவ்வோர் உருளையிலும் தடித்த கித்தான் துணி ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். குவில்டின் அடித்துணியை அந்தக் கித்தானோடு குண்டூசியாலோ ஜிப்பாலோ பிணைத்த பிறகுதான் சுற்றுவார்கள். இந்தத் துணியின் தொழிற்பெயர் லீடர். திரைப்படச் சுருளின் தொடக்கத்தில் படமே இல்லாத ஒரு நீளம் இருக்குமே, அதற்கும் இதே பெயர்தான். முன்னால் போவதால் வந்த பெயர். தலைமைக்கும் அதற்கும் சம்பந்தம் ஏதுமில்லை. ஆயிரம் குவில்டுகள் அதன் மேல் பிணைக்கப்பட்டுப் பிரிந்து போகும், ஒன்றில்கூட அது சேராது. முடிந்த குவில்டைப் பார்ப்பவருக்கு அப்படியொரு துணி இருந்ததே தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தத் துணியைப் பற்றியது. அதைப் பராமரிப்பதைப் பற்றியது என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

எந்திரத்துக்கு முன்பே லீடர் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணை வீட்டின் குவில்ட் சட்டம் என்பது நான்கு மரச்சட்டங்கள், மூலைக்கு ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். மரத்தில் ஊசி இறங்காது. ஆகவே சட்டத்தின் நீளத்துக்கு மெத்தை உறைத் துணியை ஒரு பட்டையாகக் கிழித்து ஆணியடித்து வைத்தார்கள். குவில்டின் ஓரத்தை அந்தப் பட்டையோடு ஓட்டுத்தையல் போட்டுப் பிணைத்தார்கள். பல வீடுகளில் சட்டம் கயிறுகளில் கூரையிலிருந்து தொங்கியது. மாலையில் அடுப்பு வேலைக்கும் படுக்கைக்கும் இடம் வேண்டும் என்பதால் அதை மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள். கணவனும் பிள்ளைகளும் நடமாடும் நேரத்தில் பெண்ணின் வேலை உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் வெளியே போன பிறகு கீழே இறங்கும். சட்டம் இறங்கி ஏறும்போதெல்லாம் இழுபட்டது அந்தப் பட்டைத் துணிதான்.

சூசன் கிளாஸ்பெல் 1916-இல் எழுதிய 'டிரைஃபிள்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தைப் பெண்ணியப் பாடத்தில் பலரும் படித்திருப்பீர்கள். கணவனைக் கொன்றதாகச் சிறையிலிருக்கும் பெண்ணின் சமையலறையில், முடியாத குவில்ட் துண்டுகளை இரண்டு பெண்கள் கண்டெடுக்கிறார்கள். அவள் இதைக் குவில்டிங் செய்ய நினைத்தாளா, முடிச்சுப் போட நினைத்தாளா என்று பேசிக்கொள்கிறார்கள். ஆண்கள் சிரிக்கிறார்கள். அந்தக் கேள்வி அற்பமானதல்ல. குவில்டிங் என்றால் சட்டம் வேண்டும், இடம் வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார வேண்டும். முடிச்சுப் போடுவது ஒருத்தி தனியாக இருந்தே முடித்துவிடக்கூடிய வேலை. ஆகவே அவள் எவ்வளவு தனித்திருந்தாள் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நிலைகுலைந்த ஒரு தையலைப் பார்த்ததும் பெண்களில் ஒருத்தி அதைப் பிரித்துத் திருத்தித் தைக்கிறாள். நாடகத்தில் தடயம் மறையத் தொடங்குவது அங்கேதான்.

சட்டத்தைச் சுற்றிக் கூடியிருந்து தைத்த கூட்டங்களை இனிமையான நினைவாக மட்டும் எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கூலிக்குத் தைத்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். முகப்பை ஒருத்தி இணைப்பாள், தையலை இன்னொருத்தி போடுவாள். தேவாலய மகளிர் குழுக்கள் பிறர் குவில்டுகளைத் தைத்துக் கொடுத்து நிதி திரட்டின. எவ்வளவு நூல் செலவானதோ அந்தக் கணக்கில் கூலி வாங்கும் முறையும் இருந்தது. நேரத்துக்குக் கூலி கிடையாது, நூலுக்குத்தான். சட்டத்தைக் கட்டுவதற்கும், பட்டைத் துணியை நேராக்குவதற்கும், குவில்டை அதில் பிணைப்பதற்கும் நூல் அவ்வளவாகச் செலவாகாது. அந்தக் கணக்கில் அவை வேலையே அல்ல.

1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் தேசிய அளவில் ஒரு குவில்ட் போட்டி நடத்தியது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே முதல் பரிசு 1000 டாலர். ஏறத்தாழ 24,000 குவில்டுகள் வந்து குவிந்தன. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் அனுப்பிய குவில்ட் வென்றது. அதை எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். போட்டிக்கு வரும் குவில்ட் அனுப்புபவரின் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. கேடனோ அதில் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. ஊசிவேலைக் கடை வைத்திருந்த அவர், கூலிக்கு அமர்த்திய பெண்களைக் கொண்டு அதைச் செய்வித்திருந்தார். பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர்களும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் வாய் திறந்தால் அடுத்த வேலை வராது. மெரிகே வால்ட்வோகல், பார்பரா பிராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட நூலில்தான் இந்தக் கதை விரிவாகப் பதிவாயிற்று. தேடி எடுத்து எழுதியதும் பெண்கள்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கேடனைக் கெட்டவராக்கிக் கதையை முடிப்பது எளிது. ஆனால் தைத்தவளைக் கேட்காமல் அனுப்பியவளை மட்டும் கேட்கும் பழக்கம் அவர் உண்டாக்கியதல்ல.

1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குவில்டுகளை நவீன ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. வண்ணம், வடிவம், அரூபம் என்றெல்லாம் விமர்சகர்கள் வியந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பட்ரிசியா மெய்னார்டி என்ற ஓவியர், பெண்ணியக் கலை இதழொன்றில் எழுதிய கட்டுரையில் இந்தப் பார்வையைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். செய்த பெண்களை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம் என்பது அவர் வாதத்தின் சாரம். நியாயமான கேள்வி. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பிறகு வந்த பேச்சிலும் பெரும்பாலும் முகப்பை வடிவமைத்தவளே கலைஞர் ஆனாள், சட்டத்தருகே நின்றவள் ஆகவில்லை. அலபாமாவின் கீஸ் பெண்ட் கறுப்பினப் பெண்கள் முகப்பைத் தனித்தனியே இணைத்து, தையலைப் பலர் சேர்ந்து போட்டார்கள். 2002 முதல் அந்தக் குவில்டுகள் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போனபோது, பெயர்ச்சீட்டில் நின்றது முகப்பை இணைத்தவளின் பெயர்.

கையால் தைத்ததே தூயது, எந்திரம் வந்து கெடுத்தது என்ற கதையும் சரியானதல்ல. அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் ஜார்ஜியாவில் 1886 வாக்கில் செய்த புகழ்பெற்ற பைபிள் குவில்டில் கைத்தையலும் இருக்கிறது, எந்திரத்தையலும் இருக்கிறது. வறுமை நெருக்கியபோது அவர் அதை 5 டாலருக்கு விற்க நேர்ந்தது. இன்று அது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரை எந்திரம் தொந்தரவு செய்யவில்லை. பின்னால் வந்த ரசனையைத்தான் தொந்தரவு செய்தது.

1980-களில் மிசௌரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெய்ன்ஸ் போன்ற சிற்றூர்களில் லாங்ஆர்ம் எந்திரங்கள் தயாராகி வீடுகளுக்குள் வரத் தொடங்கின. கார் கொட்டகையில், நிலவறையில், பிள்ளைகள் படித்து முடித்துக் கிளம்பிப்போன அறையில் பெண்கள் சட்டத்தை நிறுத்தினார்கள். பிறர் குவில்டுகளைக் கூலிக்குத் தைப்பது ஒரு வீட்டுத் தொழிலாகவே வளர்ந்தது. கூடவே ஓர் ஏளனமும் வளர்ந்தது. வெளியே கொடுத்துத் தைத்தால் அது செக் புத்தகத்தால் செய்த குவில்ட் என்றார்கள். 1989-இல் கென்டக்கியின் படூகா நகரில் நடந்த தேசியக் காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் வீட்டுத் தையல் எந்திரத்தில் தைத்த குவில்ட் உச்சப் பரிசு பெற்றது. எந்திரத்தில் தைத்தது அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. பலர் கொதித்தார்கள். ஆனால் அதன் பிறகு கதவு மூடவில்லை. இப்போது பெரிய காட்சிகளில் முகப்பைச் செய்தவர் பெயரோடு தைத்தவர் பெயரும் வேண்டும் என்கிறார்கள்.

சரி, பெயர் வந்துவிட்டது. லீடருக்கு வருவோம்.

புதிய லீடர் நேராக இருக்கும், அது நீடிப்பதில்லை. குவில்டுகள் அகலத்தில் வேறுபடும். எல்லாவற்றையும் சட்டத்தின் நடுவில் வைத்துத்தான் பிணைப்பார்கள். ஆகவே சிறிய தொட்டில் குவில்டும் நடுப்பகுதியைத்தான் இழுக்கிறது, பெரிய கட்டில் குவில்டும் நடுப்பகுதியைத்தான் இழுக்கிறது. ஓரங்கள் எப்போதாவதுதான் பாரம் சுமக்கின்றன. சில ஆண்டுகளில் நடுப்பகுதி தொய்ந்து, லீடரின் விளிம்பு மெல்லிய பிறைபோல வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, குவில்டுக்குத் தெரியும். அடித்துணியின் நடுப்பகுதி தளர்ந்து மடிப்பு விழும், ஓரக்கரை அலைபாயும். வாடிக்கையாளர் குவில்டை விரித்துப் பார்த்துவிட்டு, முகப்பை இணைத்தவள் சரியாக அளக்கவில்லை என்பார். அல்லது தைத்தவளுக்குக் கை சரியில்லை என்பார். யாரும் லீடரைச் சொல்லமாட்டார்கள்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எதிரெதிர் உருளைகளின் லீடர்களை முழுவதும் அவிழ்த்து, இரு விளிம்புகளையும் நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடைவெளியில்லாமல் அவை தொட்டால் சரி. நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் தொய்வு. ஒரு பக்கம் மட்டும் வாய் பிளந்தால் லீடர் உருளையில் கோணலாக ஏறியிருக்கிறது. அடுத்து நடுக்குறி. எல்லா லீடர்களின் நடுக்குறியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினால் குவில்ட் சுற்றச் சுற்றச் சாய்சதுரமாகும்.

பிறகு கழுவல். எந்திர எண்ணெய், பஞ்சுத் தூசு, சிவப்பு அடித்துணி விட்டுப்போன சாயம், ஈரப்பதமுள்ள நிலவறையில் குத்தி மறந்த குண்டூசியின் துரு, எல்லாம் அடுத்தவள் வெள்ளைத்துணியில் போய் இறங்கும். ஆகவே லீடரைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலசுவார்கள். சூடான நீர் கித்தானைச் சுருக்கும், பாவிலும் ஊடையிலும் ஒரே அளவாகச் சுருக்காது. காயவைத்துத் தேய்க்கும்போது பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது நடுவில் தொடங்கி இரு ஓரங்களை நோக்கிப் போக வேண்டும்.

இத்தனையும் செய்யும் நாளில் ஒரு குவில்டும் முடியாது. பற்றுச்சீட்டில் எழுத ஏதுமில்லை. தையலுக்குச் சதுர அங்குலக் கணக்கில் கட்டணம் வாங்கும் இந்தத் தொழிலில், லீடர் நாள் எந்தச் சதுரத்திலும் வராது. நூல் கணக்கில் கூலி வாங்கிய பழைய சட்டத்துக்காரியும் இதே நாளைத்தான் சும்மா செய்தாள். வீட்டு வேலையின் கணக்கைப் பேசும் கூட்டங்களில் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் சரியாகவே முன்வைக்கிறோம். கூலி வேலைக்குள்ளேயே கூலியற்ற வேலை ஒன்று மடிந்து கிடப்பதைக் குறைவாகவே பேசுகிறோம்.

ஒரு பழைய லீடரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வரிசை வரிசையாக ஊசித்துளைகள் தெரியும். நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் அரிதாக. எத்தனை பேருடைய குவில்டுகள் அதில் ஏறின என்று எண்ண முடியாது, எந்த அகலத்துக் குவில்டுகள் அதிகம் ஏறின என்று ஓரளவு ஊகிக்கலாம். எந்திரம் வழுக்கி லீடரின் மேலேயே தைத்துவிட்ட இரண்டு அங்குல நூல் சில இடங்களில் பிரிக்கப்படாமல் கிடக்கும். நான் படித்த கண்காட்சி நூல்கள் குவில்டின் அளவையும் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதையும் எழுதுகின்றன. அது எதன் மேல் பிணைக்கப்பட்டிருந்தது என்று எழுதிய ஒன்றை நான் படித்ததில்லை.

துளைகள் மிகுந்து குண்டூசி பிடிக்காத நிலை வந்தால் லீடரை மாற்றிவிட வேண்டும். புதுக் கித்தானை முதலில் நனைத்துக் காயவைப்பார்கள். கத்தரியால் நீளமாக வெட்டமாட்டார்கள். ஓரத்தில் சிறிதாக நறுக்கிக் கையால் கிழிப்பார்கள். கிழிசல் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். விளிம்பை மடித்துத் தைத்து, இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அழியாத மையால் ஒரு கோடு. அங்கிருந்து இரு பக்கமும் அங்குலக் குறிகள். கழற்றிய பழைய லீடரில் நல்ல பகுதியைத் தையலின் இழுவிசையைச் சோதித்துப் பார்க்க எடுத்து வைத்துக்கொள்வார்கள். மிச்சம் எந்திரத்தின் எண்ணெய் துடைக்கப் போகும்.