கண்மை பூசினாத்தான் காமராஜரா?

ஆகஸ்ட் 15 நெருங்கினா நெய்வேலி டவுன்ஷிப்புலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் மாறுவேடப் போட்டி சீசன் வந்துடும். பாரதியார், ஜான்சி ராணி, கட்டபொம்மன், காமராஜர், அப்துல் கலாம். காமராஜர் வேஷத்துக்கு வெள்ளை வேட்டி, தொளதொள சட்டை, தோள்ல ஒரு துண்டு போதும். அதோட விடாம, சில வீட்ல பிள்ளையோட மூஞ்சியிலயும் கையிலயும் கண்மையைக் குழைச்சுப் பூசிடுவாங்க. 'ஆதிவாசி நடனம்'னா கேக்கவே வேணாம். உடம்பு பூரா கருப்பு, இடுப்புல இலைதழை, கையில ஈட்டி.

இது இனவெறியா? பட்டணத்துல படிச்சுட்டு வர்ற பிள்ளைங்க "ஆமா"ங்கறாங்க. ஊர்ப் பெருசுங்க "வேஷம்னா சாயம் பூசத்தானே செய்வாங்க?"ன்னு கேக்கறாங்க. ரெண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் வரலாற்றைப் பார்க்கணும்.

முதல்ல நம்ம தெருக்கூத்து. வேஷத்துக்குப் போடற பூச்சுக்கு 'அரிதாரம்'னு பேரு. அது மஞ்சள் நிறத்துல கிடைக்கிற ஒரு தாது. அதை அரைச்சுப் பூசினதாலதான் 'அரிதாரம் பூசறது'ன்னு ஒரு பேச்சே வந்தது. தென்னார்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துல துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்கு நீலமோ பச்சையோ. இந்த நிறத்துல மனுஷங்க யாரும் கிடையாது. பாத்திரத்தோட குணத்தைத் தூரத்துல உக்காந்திருக்கிறவனுக்கும் காட்டுறதுக்கான நிறம் அது. மேல்மலையனூர் மயானக் கொள்ளையில காளி வேஷம் கட்டுறவங்களும் முகத்துல சாயம் பூசுறாங்க. அந்த வேஷத்தைப் பார்த்து ஊர் சிரிக்கிறதில்லை, கையெடுத்துக் கும்பிடுது. அதனால நிறம் பூசறதே தப்புன்னு ஒரே வரியில முடிச்சுட முடியாது.

அமெரிக்காவுல நடந்தது வேற. 1830 வாக்குல தாமஸ் ரைஸ்னு ஒரு வெள்ளைக்கார நடிகர், கார்க்கை எரிச்ச கரியை முகத்துல பூசிக்கிட்டு, 'ஜிம் க்ரோ'ங்கற கருப்பின ஆளா மேடையில ஆடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது. அந்தக் காலத்துல அங்க கருப்பின மக்கள் அடிமைங்க. சந்தையில விலை பேசி விக்கப்பட்டவங்களை மேடையில கோமாளியாவும் சோம்பேறியாவும் காட்டி ஒரு பெரிய வியாபாரமே நடந்தது. அடிமைமுறை ஒழிஞ்ச பிறகு, கருப்பின மக்களை ஒதுக்கி வைக்கப் போட்ட சட்டங்களுக்கும் 'ஜிம் க்ரோ'ங்கற அதே பேருதான். இங்கிலாந்துல பிபிசி தொலைக்காட்சி இப்படிக் கருப்பு பூசின பாட்டுக் கச்சேரியை 1958-ல ஆரம்பிச்சு 1978 வரைக்கும் ஓட்டுச்சு.

"அது அவங்க ஊர் சமாச்சாரம், நமக்கென்ன?"ன்னு கேக்கலாம். அந்த ஆட்டம் நம்ம நாட்டுக்கும் வந்தது. டேவ் கார்சன்னு ஒருத்தர் அந்த மாதிரி நாடகக் குழுவோட கல்கத்தாவுக்கு வந்து, இங்கிலீஷ் படிச்ச வங்காளி பாபுக்களைக் கிண்டல் பண்ணி மேடை ஏறினார். வெள்ளைக்காரங்க கைதட்டினாங்க, வங்காளிகளுக்குச் சுருக்குன்னு தைச்சது. 1873-ல அர்த்தேந்து சேகர் முஸ்தஃபிங்கற வங்காள நடிகர் தானே துரை வேஷம் கட்டி, அவரை மேடையிலயே திருப்பி நக்கல் அடிச்சார். நம்மளை வேஷமாக்கிச் சிரிச்சப்போ வலிச்சது நமக்கும் தெரிஞ்சுதான் இருக்கு.

இப்போ தமிழ் சினிமாவுக்கு வருவோம். 1963-ல ஏவிஎம் எடுத்த 'நானும் ஒரு பெண்', ஏ.சி. திருலோகசந்தர் இயக்கினது. கருப்பா இருக்கிறதாலயே அவமானப்படுற பெண்ணா விஜயகுமாரி, கருப்புச் சாயம் பூசி நடிச்சாங்க. அந்தப் பெண்ணுக்காகத் தியேட்டர்ல ஜனங்க அழுதாங்க. நிறத்தை வச்சு ஆளை எடை போடாதேன்னு சொன்ன படம் அது. ஆனா அதைச் சொல்லவும் ஒரு நடிகைக்குச் சாயம்தான் பூச வேண்டியிருந்தது. நிஜமாவே அந்த நிறத்துல இருக்கிற ஒரு பெண்ணைத் தேடிக் கதாநாயகி ஆக்கணும்னு தோணலை.

44 வருஷம் கழிச்சு, 2007-ல அதே ஏவிஎம் 'சிவாஜி' எடுத்தது. அதுல சாலமன் பாப்பையாவுக்கு மகள்களா வர்ற ரெண்டு பெண்களுக்குக் கருப்புச் சாயம் பூசியிருந்தாங்க. இந்தத் தடவை அழுகிறதுக்கு இல்லை, சிரிக்கிறதுக்கு. அவங்களைப் பார்த்தாலே மத்தவங்க தெறிச்சு ஓடணும், அவ்வளவுதான் நகைச்சுவை. அதே படத்துல ரஜினிகாந்த் வெள்ளையாகப் படாதபாடு படுவார். ஒரு பாட்டுல கம்ப்யூட்டர் வச்சு வெள்ளைக்காரராவே ஆக்கிட்டாங்க.

அந்தப் பெண்களுக்கு வச்ச பேரைக் கவனிச்சீங்களா? அங்கவை, சங்கவை. பறம்புமலைப் பாரியோட மகள்களுக்கு மரபு சொல்ற பேரு. மூவேந்தரும் சேர்ந்து அப்பனைக் கொன்ன பிறகு, அந்தப் பெண்கள் பாடினதா ஒரு பாட்டு புறநானூற்றுல இருக்கு. கபிலர்தான் அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் மாப்பிள்ளை தேடி அலைஞ்சார். கடைசியில பாரி மகளை மலையமானுக்குக் கட்டிக் கொடுத்துட்டுக் கபிலர் தீப்பாய்ஞ்சார்னு திருக்கோவலூர் கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்லுது. நம்ம பழைய தென்னார்க்காடு மாவட்டத்துலதான் அந்த ஊரு. கபிலர் குன்று இன்னைக்கும் தென்பெண்ணை ஆத்துக்குள்ள நிக்குது. அப்பனை இழந்து நின்ன அந்தப் பெண்கள் பேரைத்தான் 'கருப்பான பொண்ணு'ங்கற சிரிப்புக்குத் தூக்கி வச்சாங்க. தமிழ்நாடே கைதட்டிப் பார்த்துச்சு.

அமெரிக்கா மாதிரி இங்க வெள்ளை இனம், கருப்பு இனம்னு கோடு கிடையாது. ஒரே வீட்ல அண்ணன் சிவப்பா, தங்கச்சி கருப்பா இருப்பாங்க. அதனால 'இனவெறி'ங்கற சொல் நமக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை இல்லை. நம்ம ஊர்ல கருப்புன்னா வெயில்ல வேலை செய்யறவன், கீழே வைக்கப்பட்ட சாதி, காட்டுல இருக்கிறவன்னு ஒரு நினைப்பு ஓடுது. 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா'ன்னு பொண்ணு பார்க்கப் போறவங்க சொல்றாங்களே, அந்த 'இருந்தாலும்'ல அத்தனையும் அடங்கியிருக்கு.

வேஷமாக்கப்பட்டவங்க வாயைத் திறந்து சொன்னதும் உண்டு. 'குறவன் குறத்தி ஆட்டம்'ங்கற பேர்ல மத்தவங்க குறவர் வேஷம் கட்டி மேடையில ஆபாசமா ஆடிக்கிட்டிருந்தாங்க. குறவர் சமூகத்து மக்கள் எதிர்ப்பு சொல்லி, வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் போச்சு. 2023-ல தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டுது. காலங்காலமா நடக்குதுங்கறது அங்க செல்லலை.

அதனால சாயம் பூசினவன் மனசுல என்ன இருந்ததுன்னு மட்டும் பார்த்தா பத்தாது. அந்த நிறம் எதுக்காக மேடைக்கு வருதுன்னு பார்க்கணும். கூத்துல சாயம் பாத்திரத்தைப் பெருசாக்குது. 'சிவாஜி'யிலயும் பள்ளிக்கூட ஆதிவாசி ஆட்டத்துலயும் சாயம் ஆளைச் சிறுசாக்குது. ஆட்டம் முடிஞ்சதும் தேங்காயெண்ணெய் தொட்டா கண்மை போயிடும். மல்லாட்டை ஆயறதுக்கும் முந்திரிக்கொட்டை பொறுக்கறதுக்கும் லீவு நாள்ல அம்மாவோட வெயில்ல நிக்கிற பொண்ணு, அதே கூட்டத்துலதான் உக்காந்திருக்கும். எதைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு அதுக்குப் புரியாதா?

காமராஜரைக் 'கருப்பு காந்தி'ன்னு இந்த ஊர் மரியாதையாத்தான் கூப்பிட்டுச்சு. நெய்வேலிச் சுரங்கம் வந்தப்போ முதலமைச்சரா இருந்தவர் அவர். பிள்ளைக்கு அவர் வேஷம் போடணும்னா வேட்டி, சட்டை, துண்டு போதும். முடிஞ்சா ரெண்டு வரி, மதிய உணவுத் திட்டத்தைப் பத்திப் பேசச் சொல்லிக்கொடுங்க. மூஞ்சியை விட்டுடுங்க, அது எந்த நிறத்துல இருந்தாலும் சரி.