தூர்லாக் நகரத்துத் தொண்டர் தீயணைப்புப் படை

இந்நாட்டில் தீயணைப்புப் படைக்குப் பொம்பா என்னும் பெயர் மக்கள் நாவில் ஊறிவிட்டது. அது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து மலாய் மொழிக்கு வந்த சொல்; நீர் இறைக்கும் பொறி என்பது அதன் பொருள். பிரெஞ்சுக்காரர் தீயணைப்போரைப் பொம்ப்பியே என அழைப்பதும் அப்பொறியை வைத்தே. பொறியின் பெயர் அதனைக் கையாளும் மனிதருக்கு ஆகி வந்த இதனை நம் இலக்கண ஆசிரியர்கள் ஆகுபெயர் என்று எளிதில் கண்டுகொள்வர். ஆயினும், பொறி வந்த அன்றே படை வந்துவிடவில்லை. இரண்டிற்கும் நடுவே வேறொன்று தேவைப்பட்டது. அது யாதென்பதை ஜெர்மனியின் தென்மேற்கே உள்ள தூர்லாக் என்னும் சிறுநகரின் வரலாற்றில் காணலாம்.

தூர்லாக் தீயை நன்கு அறிந்த ஊர். 1689ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் அதனைக் கொளுத்தின. எஞ்சிய வீடுகள் மிகச் சிலவே. அக்காலத்தில் அது பாடன்-தூர்லாக் என்னும் சிற்றரசின் தலைநகர். அழிந்த நகரைத் திருத்திக் கட்டும் முயற்சி இழுபறியாய் நிற்க, அரசர் கார்ல் வில்ஹெல்ம் 1715இல் சிறிது தொலைவில் கார்ல்ஸ்ரூ என்னும் புதிய நகரை நிறுவினார். அரண்மனையும் அலுவலகங்களும் அங்கே சென்றன. தூர்லாக் பழம்பெருமை பேசும் ஊராய் ஒதுங்கியது.

அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் தீயணைக்கும் முறை எவ்வாறு இருந்தது? தீ மூண்டால் கோயில் மணி ஒலிக்கும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தோல்வாளியுடன் ஓடிவர வேண்டும் என்பது சட்டம். வந்தவர் வரிசையாக நின்று கிணற்றிலிருந்து வாளிகளைக் கைமாற்றுவர். இச்சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் எல்லாரும் வரவேண்டும் என்றது சட்டம். வந்தவர் என்ன செய்வது, யார் சொல்லை யார் கேட்பது என்பதை எவரும் முன்கூட்டிப் பயின்றதில்லை. ஆகவே கூச்சல் மிகுந்தது, தண்ணீர் குறைந்தது.

1842இல் கார்ல் மெட்ஸ் என்பவர் ஹைடல்பர்க் நகரில் பட்டறை ஒன்று தொடங்கி, திருந்திய கைப்பொறிகளைச் செய்யலானார். நெடிய கைத்தண்டின் இருபுறமும் ஆட்கள் நின்று மாறி மாறி அழுத்துவர். உருளைகள் நீரை உந்த, நடுவிலுள்ள காற்றுக்கலம் அதனை அறாத தாரையாக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்டை அழுத்துவோர் சில நிமிடங்களிலேயே களைத்துப் போவர். தாரை அறாதிருக்க வேண்டுமாயின் அடுத்த அணி உடனே கைகொடுக்க வேண்டும். குழாயைப் பிடிப்பவன் புகைக்குள் நுழைய வேண்டும். ஏணிக்காரன் அவனுக்கு முன்னே செல்ல வேண்டும். ஒருவன் பிசகினாலும் பொறி வெறும் வண்டியாகிவிடும்.

தூர்லாக் நகரின் கட்டடப் பொறுப்பாளராகிய கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட் இதனை உணர்ந்தார். 1846இல் நகராட்சி மெட்ஸின் பொறியை வாங்கியபோது, விரும்பி முன்வந்த குடிமக்களைக் கொண்டு ஒரு படையை அமைத்தார். யாருக்கு எந்த வேலை என்பது தீ மூளுமுன்பே வரையறுக்கப்பட்டது, கட்டளைக்கு ஒரு தலைவர், இடையறாத பயிற்சி. பிரெஞ்சுப் பெயரைத் தழுவி அதனைப் பொம்ப்பியே படை என்றே வழங்கினர். ஜெர்மனியில் இதுவே முதலாவது என்று பலர் கூறுவர். மைசென் நகரத்தாரோ 1841இலேயே தங்களிடம் படை இருந்தது என்பர். முதன்மை பற்றிய வழக்கு அவர்களுக்குள் இருக்கட்டும். தூர்லாக்கின் பெயரை நாடறியச் செய்தது வேறொரு நிகழ்ச்சி.

1847ஆம் ஆண்டு பிப்ரவரி 28, ஞாயிறு மாலை. கார்ல்ஸ்ரூவின் அரசவை நாடக அரங்கில் மக்கள் நிறைந்திருந்தனர். எரிவாயு விளக்கு அவ்வரங்கிற்குப் புதிது. அரச குடும்பத்தார் அமரும் மாடத்தில் விளக்கேற்றும்போது சுடர் திரைச்சீலையைப் பற்றியது. உள்ளே எல்லாம் மரவேலை. தீ விரைந்து பரவியது. மேல்மாடத்து மக்கள் வழி காணாது நெருக்குண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தலைநகரில் பொறிகளும் இருந்தன, ஆட்களும் திரண்டனர், ஒழுங்குதான் இல்லை. செய்தியறிந்து தூர்லாக் படை தன் பொறியுடன் விரைந்து வந்தது. அரங்கினுள் சிக்கியவர்களைக் காக்க அவர்களால் இயலவில்லை. அதற்குரிய நேரம் கடந்துவிட்டிருந்தது. ஆனால் பயின்றவாறே நின்று, தீ அண்டைக் கட்டடங்களுக்கும் அரண்மனைக்கும் தாவாமல் தடுத்தனர். தூர்லாக்கை விட்டு நீங்கிய அரசமரபின் அரண்மனையைத் தூர்லாக்கின் கைத்தொழிலாளரும் கடைக்காரரும் வந்து காத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கண்டவர்கள் இரண்டு பாடங்களை ஒருங்கே கற்றனர். பயின்ற படையால் தீயை அடக்க முடியும். ஆனால் அடுத்த ஊரிலிருந்து வரும் படை உயிர்களைக் காக்கும் வேளைக்கு வந்து சேராது. ஆதலின் ஒவ்வோர் ஊருக்கும் தன் படை வேண்டும். அவ்வாண்டே கார்ல்ஸ்ரூவில் தொண்டர் படை எழுந்தது. அதில் சேர்ந்தோருள் உடற்பயிற்சிக் கழகத்து இளைஞர்கள் மிகுதி. ஏறவும் தாவவும் கட்டளைக்கு அசையவும் அவர்கள் முன்னரே பழகியிருந்தனர். உல்ம் நகரிலும் கொன்ராட் மாகிருஸ் அத்தகைய இளைஞர்களையே திரட்டினார். 1853இல் அவரது முயற்சியால் பிளோகிங்கன் என்னும் ஊரில் பல படைகளின் பேராளர்கள் கூடினர். ஜெர்மன் தீயணைப்போர் சங்கம் தன் பிறப்பை அந்நாளிலிருந்தே கணக்கிடுகின்றது.

பெயரும் மாறியது. தீக் காவல் என்று பொருள்படும் ஃபாயர்வேர் என்னும் சொல் 1847ஐ ஒட்டிக் கார்ல்ஸ்ரூவில் வழக்கிற்கு வந்தது. பொம்ப்பியே மெல்ல மறைந்தது. ஜெர்மானியர் பொறியின் பெயரைக் கைவிட்டுக் கடமையின் பெயரை எடுத்துக்கொண்டனர். நாம் பொறியின் பெயரையே வைத்திருக்கின்றோம்.

ஊதியம் பெறும் முழுநேரப் படை 1851இல் பெர்லினில் தோன்றியது. எனினும் அத்தகைய படைகள் அந்நாட்டில் இன்றும் நூறு நகரங்கள் அளவிலேயே உள்ளன. ஏனைய ஊர்களைக் காப்பவர்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் தொண்டர்களே. தூர்லாக் 1938இல் கார்ல்ஸ்ரூவோடு இணைக்கப்பட்டுத் தனிநகர் என்னும் நிலையையும் இழந்தது. அதன் தொண்டர் படை மட்டும் தூர்லாக் என்னும் பெயரோடு இன்றும் இயங்குகின்றது.