பிணைத் தாமதமும் காசநோயும்

சிறைகளில் காசநோய் மிகுந்திருப்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. வறுமையிலும் ஊட்டக்குறைவிலும் போதையிலும் உழன்றவர்களே கைதிகளாக வருவதால் நோயும் அவர்களோடு உள்ளே வருகிறது என்பது ஒன்று. நோயைச் சிறையே உண்டாக்குகிறது என்பது மற்றொன்று. முதலாவதே உண்மையானால், நுழையும்போது சளிப் பரிசோதனை செய்து நோயாளிகளைப் பிரித்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது உண்மையானால் கேள்வி மருத்துவரைத் தாண்டி நீதிபதியிடம் போகிறது. இத்தனை பேர், அதிலும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், ஏன் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள்? சான்றுகள் இரண்டாவது விளக்கத்தின் பக்கமே வலுவாக இருக்கின்றன.

பிரேசிலின் மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறைக்குள் நுழையும் வேளையில் இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 111ஆக இருந்த காசநோய் விகிதம், ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 1,300ஆக உயர்ந்தது. விடுதலைக்குப் பிறகு படிப்படியாக இறங்கி, ஏழு ஆண்டுகளுக்குள் பொதுமக்களின் அளவுக்கு வந்தது. ஆட்கள் அவர்களேதான், மாறியது இருப்பிடம் மட்டும்.

அத்தகைய இருப்பிடம் எப்படி இருக்கக்கூடும் என்பதை அறிய 'கலாஷ்னிகோவ் எதிர் ரஷ்யா' வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002 ஜூலை 15 அன்று வழங்கிய தீர்ப்பைப் படிக்க வேண்டும். மனுதாரர் 1995இல் கைதாகி, மகதான் நகர விசாரணைச் சிறையில் அடைக்கப்பட்டவர். அறையில் எட்டுப் படுக்கைகள். 24 பேர் இருந்ததாக அவர் சொன்னார், 11 பேர் அல்லது அதற்கு மேல் என்று அரசு சொன்னது. எந்தக் கணக்கின்படி பார்த்தாலும் ஆளுக்குக் கிடைத்தது 0.9 முதல் 1.9 சதுர மீட்டர் வரைதான். முறைவைத்துத் தூங்கினார்கள். விளக்கு அணைக்கப்படவில்லை, போதிய காற்றோட்டம் இல்லை, உள்ளேயே புகைபிடித்தார்கள். பூஞ்சைத் தொற்றில் மனுதாரரின் கால் நகங்கள் உதிர்ந்தன. காசநோயும் சிபிலிசும் உள்ளவர்கள் சில வேளைகளில் அவரோடு அடைக்கப்பட்டனர். தொற்று பரவாமல் பார்த்துக்கொண்டதாக அரசு வாதிட்டது. அவரை இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததாக நீதிமன்றம் கருதவில்லை. ஆனாலும் அது இழிவான நடத்தையே என்று தீர்ப்பளித்தது. பொதுச் சுகாதாரத்துக்கும் நோக்கமல்ல, விளைவே சரியான அளவுகோல் என்பேன். இருமும் ஒருவரிடமிருந்து வெளிப்படும் கிருமி, காற்று மாறாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதற்கு எவருடைய தீய எண்ணமும் தேவையில்லை.

விசாரணைக் காவல் தண்டனைக் காவலைவிட ஆபத்தானது என்பதற்கு நெரிசல் ஒரு காரணம் மட்டுமே. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் இடைவிடாமல் மருந்து உட்கொள்ள வேண்டும். விசாரணைக் கைதியோ காவல் நிலையம், நீதிமன்றம், வேறு சிறை, திடீர் விடுதலை என அலைக்கழிக்கப்படுபவர். ஒவ்வொரு மாற்றத்திலும் மருந்து அறுபடுகிறது. மருந்துக்கு மசியாத காசநோய் உருவாக அறுபட்ட சிகிச்சை ஒரு முக்கியக் காரணம். சைபீரியாவின் தோம்ஸ்க் மாகாணத்தில் 2000இல் தொடங்கிய சிகிச்சைத் திட்டம் இந்த அறுபடலைத்தான் முதலில் சரிசெய்தது. சிறை மருத்துவத்தையும் ஊர் மருத்துவத்தையும் ஒரே திட்டமாக இணைத்து, விடுதலையானவரையும் பின்தொடர்ந்து மருந்து கொடுத்தார்கள். பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்ட முதல் தொகுதி நோயாளிகளில் நால்வரில் மூவர் குணமடைந்தனர். கைகழுவப்பட வேண்டிய நோயாளிகள் இவர்கள் என்ற எண்ணத்தை இந்த முடிவு பொய்யாக்கியது.

இந்தியாவின் நிலை நமக்குத் தெரிந்ததே. 2022இன் இறுதியில் சிறைகளில் இருந்த 5.73 இலட்சம் பேரில் 4.34 இலட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். கொரோனா பரவிய 2020 மார்ச்சில், யாரை இடைக்காலமாக வெளியே விடலாம் என்று முடிவுசெய்ய மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நெரிசல் நோயாகும் என்பதை அன்று நீதித்துறையே ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு அந்த அவசரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

நெரிசலைக் குறைக்கச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் பிணையில் விடப்பட வேண்டும் என்கிறது இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் போன்ற விலக்குகள் இதற்கு உண்டு. இந்தப் பிரிவு எந்தச் சிறையில் எவ்வளவு விரைவாக நடைமுறைக்கு வருகிறது என்பதைக் காசநோய்த் திட்ட அலுவலர்களும் கண்காணிக்க வேண்டும். சிறை நலவாழ்வை ஆராய்வோர் படுக்கைகளையும் சளி மாதிரிகளையும் எண்ணுவதோடு, பிணை மனு நிலுவையில் கிடந்த நாட்களையும் ஒரு நோய்க் காரணியாக அளக்கத் தொடங்க வேண்டும்.