செட்டிநாட்டில் பள்ளிக்கூடம் வந்த வழி

காரைக்குடியின் கல்வி வரலாற்றை, அழகப்பா கல்லூரியை நிறுவிய அழகப்பரில் தொடங்கி அழகப்பரிலேயே முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வள்ளல் ஒருவர் வந்தார், அள்ளிக் கொடுத்தார், பொட்டல்காடு கல்வி நகரமாயிற்று என்பார்கள். அது பொய்யன்று. ஆனால் ஒரு கேள்வி அதில் விடுபட்டுப் போகிறது. இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இந்த மண்ணுக்குப் பணம் வரத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டிலேயே. அப்படியிருக்க, காரைக்குடிக்குக் கல்லூரி வர 1947 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? கொடையுள்ளம் இல்லாமையை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. கடல் கடந்து வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாருக்குத் தொழிலே பள்ளியாக இருந்தது. அந்தப் பள்ளி இடிந்த பிறகே ஊர்ப் பள்ளிக்கூடம் வாழ்வின் நடுவுக்கு வந்தது என்பதே என் கருத்து.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் எழுதிப் பழகினான். பிறகு எண்சுவடியை மனப்பாடம் செய்தான். ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி, 160-இல் ஒரு பங்கு அரைக்காணி, 80-இல் ஒரு பங்கு காணி, 20-இல் ஒரு பங்கு மா. இவற்றைப் பெருக்கவும் கூட்டவும் தாளோ எழுதுகோலோ தேவைப்படாத அளவுக்கு நாவில் ஏற்றிவிடுவார்கள். வட்டிக் கணக்கு இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது. பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் கப்பலேறுவான். கடல் கடந்த கிட்டங்கியில், அதாவது வட்டிக் கடையில், முதலாளியின் கணக்குப் பெட்டிக்கு அருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்யும் அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். குறிப்பு எழுதுவது, பேரேட்டில் பதிவது, ஐந்தொகை கட்டுவது எல்லாம் அங்கேயே படியும். அதன்பின் அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பி, திருமணம் செய்துகொண்டு, மறுபடியும் கப்பல். இதைவிடக் கறாரான பாடத்திட்டம் அன்றைய ஆங்கிலப் பள்ளி எதிலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அது தொழிலுக்கு உரியவரை மட்டுமே உருவாக்கியது. அதற்கு வெளியே ஆசைப்பட்டவர் தாமாகவே வழி தேட வேண்டியிருந்தது. மகிபாலன்பட்டியில் 1881-இல் பிறந்த கதிரேசன் திண்ணைப் பள்ளியில் படித்தது சில மாதங்களே. 11 வயதில் இலங்கைக்குக் கடை வேலைக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, கால்கள் நலிந்த நிலையில், தமிழையும் வடமொழியையும் சொந்த முயற்சியால் கற்றுப் பண்டிதமணி ஆனார். 1909-இல் மேலைச்சிவபுரியில் அவர் முன்னின்று தொடங்கிய சன்மார்க்க சபையே பின்னர் கணேசர் செந்தமிழ்க் கல்லூரியாக வளர்ந்தது. பள்ளி கிடைக்காத ஒருவர் பள்ளி ஏற்படுத்தினார் என்பதை வெறும் புகழுரையாகச் சொல்லவில்லை. செட்டிநாட்டில் புதுக்கல்விக்கான வேட்கை தொழில் பயிற்சிக்கு உள்ளிருந்தே, அதன் குறையை உணர்ந்தவரிடமிருந்தே எழுந்தது என்பதற்கு இது சான்று.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வேட்கை பரவியது. 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919-இல் பாரதி அங்கே வந்தார். 1920-இல் சொ. முருகப்பா தொடங்கிய ‘தனவைசிய ஊழியன்’ இதழ் சமூகச் சீர்திருத்தத்தைப் பேசியது. 1927 செப்டம்பரில் செட்டிநாட்டில் பயணம் செய்த காந்தி, வீடுகளை அடைத்துக்கொண்டிருந்த அயல்நாட்டு அலங்காரப் பொருள்களைக் கண்டு வருந்தினார். இருந்தும் அந்நாளின் மிகப் பெரிய கல்விக் கொடை சிதம்பரத்துக்குத்தான் போயிற்று: அண்ணாமலைச் செட்டியாரின் மீனாட்சி கல்லூரி 1920-இல் எழுந்து, 1929-இல் பல்கலைக்கழகமாயிற்று. இதில் வியப்பில்லை. காசியிலும் இராமேசுவரத்திலும் சத்திரம் கட்டிய மரபு, அறத்தைத் திருத்தலத்தில் செய்தே பழகியது. கல்விக் கொடையும் முதலில் அதே தடத்தில் நடந்தது.

திருப்பம் பர்மாவில் நேர்ந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசம் இருந்த நிலம் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிய, கடன் திரும்பாமல் அடமான நிலமாக வந்து சேர்ந்தது. 1937-இல் அது 25 சதவீதம் ஆயிற்று. கையில் நிலம் பெருகியது, புழங்கும் பணம் வற்றியது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. பெட்டியடிக்கு அனுப்ப இனிக் கிட்டங்கி இல்லை. பையனை எங்கே அனுப்புவது?

இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்த நேரத்தில்தான் அழகப்பர் வருகிறார். கோட்டையூரில் 1909-இல் பிறந்தவர், காரைக்குடி எஸ்.எம்.எஸ். பள்ளியில் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவர். அதாவது பேரேட்டையும் பாடநூலையும் ஒருசேர அறிந்த தலைமுறை. 1947 ஜூலை 3 அன்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஆகஸ்டிலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கல்லூரி நடக்கத் தொடங்கியது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அவர் கொடுக்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் அது திறக்கப்பட்டது. 1952-இல் பொறியியல் கல்லூரி. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் மாதிரிப் பள்ளியும் அதே வளாகத்தில் அமைந்தன. திருத்தலத்தைத் தேடிப் போன கொடை சொந்த ஊரிலேயே தங்கியது இவரால்தான்; என் பார்வையில் அவருடைய பெரிய செயல் கொடுத்த தொகையைவிட இதுவே. இந்தக் கல்லூரியின் வாசல் நகரத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சுற்று வட்டாரத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கேதான் முதல் பட்டதாரிகள் ஆனார்கள்.

பழைய பள்ளியும் புதிய பள்ளியும் ஒரே மனிதருக்குள் நின்றதற்கு வ.சுப. மாணிக்கத்தைச் சொல்லலாம். மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே பர்மாவுக்குக் கடை வேலைக்குப் போனார். வருமான வரி அதிகாரியிடம் ஒரு பொய் சொல்ல மறுத்ததால் வேலையிழந்து ஊர் திரும்பினார் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி. பண்டிதமணியிடம் தமிழ் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1948-இல் அழகப்பா கல்லூரியில் ஆசிரியரானார். 1964 முதல் 1970 வரை அதன் முதல்வராக இருந்தார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.